காணிக்கைப் பை நிறைய செல்போன்கள்

ஆன்ட்டி,

காணிக்கைப் பைக்குள் மூக்கை விட்டால் என்ன வாசனை வரும்? சில்லறை வாசனை வரும் என்று ஊர் நினைக்கும். நம்முடைய பழைய சிவப்பு வெல்வெட் பையில் ரப்பர் கையுறை வாசனையும் கடுகெண்ணெய் வாசனையும் வருகிறது. இரவெல்லாம் கையுறைக்குள் வியர்த்த விரல்கள் தொட்ட செல்போன்கள் அதற்குள் எத்தனை பகல்கள் கிடந்திருக்கின்றன! இன்று காலை பையை எடுத்து முகர்ந்தேன். நீங்கள் பின்னால் நின்று, "ஏட்டி, மோந்து பாக்க அது என்ன மல்லியப்பூவா?" என்று கேட்பது போல இருந்தது. சட்டென்று திரும்பிப் பார்த்துவிட்டேன். வெட்கக்கேடுதான், என்ன செய்ய.

இப்போது அந்தப் பை என் மடியில். நான் சபை ஹாலின் கடைசிப் பெஞ்சில். எதிரே இரவு ஷிப்ட் முடித்த பெண்கள் தூங்குகிறார்கள். பகல் மூன்று மணிக்கு எழுப்பத் தொடங்க வேண்டும். சுவர்க் கடிகாரம், என் செல்போன், அம்மாவிடம் கெஞ்சி வாங்கிக் கட்டியிருக்கும் வாட்ச் என்று மாறி மாறிப் பார்க்கிறேன். மூன்றும் ஒரே நேரத்தைத்தான் காட்டுகின்றன. மூன்றும் கூட்டு சேர்ந்து என்னை ஏமாற்றுகின்றனவோ என்று சந்தேகம். நகமெல்லாம் எப்போதோ கடித்துத் தீர்த்தாயிற்று. கை சும்மா இருந்தால் நானும் கண் அசந்துவிடுவேன் என்ற பயத்தில்தான் உங்களுக்கு எழுத உட்கார்ந்தேன்.

இந்த ஹாலில் முதன்முதலாக அவர்களைப் படுக்க வைத்த நாள் நினைவிருக்கிறதா? தெருவுக்கு எதிர்ப்பக்கம் லைன் வீடுகள். பகல் ஷிப்டுக்காரிகள் எழுந்து போன பாயில் இரவு ஷிப்டுக்காரிகள் வந்து படுப்பார்கள். படுத்துக் கொஞ்ச நேரத்தில் பின்னாலிருக்கும் கிரானைட் பட்டறையில் கல் அறுக்கத் தொடங்கிவிடுவார்கள். ஜார்கண்டிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ராமநாதபுரத்திலிருந்தும் வந்த பெண்கள் கண் சிவந்து நம் காம்பவுண்டு நிழலில் உட்கார்ந்திருப்பதை எல்லாரும்தான் பார்த்தோம். நீங்கள் மட்டும் போய், "ஏன் தாயி, ஒறங்க எடமில்லியா?" என்று கேட்டீர்கள். திருநெல்வேலியிலிருந்து கல்யாணமாகி ஓசூருக்கு வந்து, தலைமுடி கறுப்பாக இருந்த காலம் முழுக்க இரவு ஷிப்ட் பார்த்தவர் நீங்கள். பகலில் தூங்குகிறவளின் கஷ்டம் உங்களுக்குத் தெரியும்.

சபைக் கமிட்டியில் செயலர் அங்கிள் எழுந்து, "ஆலய வளாகத்துல காலை நீட்டித் தூங்குறதா? பாதிப் பேர் நம்ம சபையே இல்ல, சாமி கும்பிடுற பொண்ணுங்க" என்றார். நீங்கள் உட்கார்ந்தபடியே, "ஞாயித்துக்கெழம பிரசங்கத்துல நீங்க ஒறங்கலியா? இவளுவ குறட்டையாவது விடமாட்டாளுவ" என்றீர்கள். ஆயர் பைபிளால் வாயை மறைத்துக்கொண்டது எனக்கு ஜன்னல் வழியாகத் தெரிந்தது. பிறகு குரலைத் தாழ்த்தி, "படகுல படுத்து ஒறங்கின இயேசுவத்தானே கும்பிடுதோம். ஒறங்க வாரவள வெரட்டவா?" என்றீர்கள். அதோடு ஹால் நமக்குக் கிடைத்தது.

பழைய பெஞ்சுகளை இரண்டிரண்டாகச் சேர்த்துக் கட்டில் ஆக்கினோம். கிறிஸ்துமஸ் நாடகத்து ராஜாக்களின் அங்கிகளை ஜன்னல்களில் தொங்கவிட்டோம். ஏரோது ராஜா அங்கியும் ஒரு ஜன்னலுக்குப் போனது. "பிள்ளைங்களக் கொன்ன ஏரோதும் கடைசியில நாலு பிள்ளைங்களத் தூங்க வைக்கிறான்" என்று நான் சொன்னதற்கு என் தலையில் குட்டு விழுந்தது.

இருந்தும் தூக்கம் வரவில்லை அவர்களுக்கு. ஒவ்வொருத்திக்கும் ஒரு அலாரம். ஒருத்தி சமைக்க முன்னாலேயே எழுவாள், ஒருத்தி கடைசி நிமிடம் வரை கிடப்பாள். ஒரு போன் அடித்தால் ஹால் முழுக்க விழிக்கும். அப்போதுதான் நீங்கள், புதுப் பைகள் வந்ததும் பீரோவுக்குப் போன இந்தப் பையை எடுத்துக்கொண்டு பெஞ்சு பெஞ்சாக நீட்டினீர்கள். "எல்லாத்தையும் அமத்தி இதுல போடுங்க. நான் எழுப்புதேன்." தலைமாட்டில் பலகையை நகத்தால் இரண்டு தரம் தட்டுவீர்கள், அவ்வளவுதான். பலகையில் காதை வைத்துப் படுத்திருப்பவளுக்கு அது போதும். பக்கத்துப் பெஞ்சுக்காரி அசையக்கூட மாட்டாள்.

சபையில் பக்தி விழித்தெழும் 'எழுப்புதல்' வர வேண்டும் என்று வெள்ளிக்கிழமை தோறும் கண்ணீரோடு ஜெபிக்கிறார்களே, ஹாலில் தினமும் மூன்று மணிக்கு எழுப்புதல் நடக்கிறதே, யாரும் சாட்சி சொல்ல மாட்டார்களா என்று கேட்டேன். காதைத் திருகினீர்கள். திருகிக்கொண்டே சிரித்தீர்கள். அந்தப் பைக்குள் நான் ரப்பர் பல்லியைப் போட்டு வைத்த அன்று மட்டும் நீங்கள் சிரிக்கவில்லை. ஒரு வாரம் கழித்து, சபையின் அன்பின் விருந்தில் என் இலைச் சோற்றுக்குள் அதே பல்லியைப் புதைத்துப் பரிமாறினீர்கள். நான் அலறிய அலறலில் ஆயர் கையிலிருந்த ரசம் கொட்டியது. நீங்கள் என் காதோரம் குனிந்து, "சேட்டைய விடாதட்டி. ஒறங்குதவ கிட்ட மட்டும் வச்சிக்கிடாத" என்றீர்கள்.

அந்த நாளைப் பற்றி எழுதாமல் நகரலாம் என்று பார்க்கிறேன், முடியவில்லை. பையைப் பீரோவில் வைத்துப் பூட்டி, சாவியை இடுப்பில் செருகிக்கொண்டு மதியம் சாப்பிட வீட்டுக்குப் போனீர்கள். அடுப்படியிலேயே விழுந்துவிட்டீர்கள். அக்கம்பக்கத்தில் ஆட்டோ பிடித்து ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனார்கள். சபையே அங்கே ஓடியது. நான் பள்ளிக்கூட யூனிபார்மோடு ஓடினேன். அத்தனை பேரும் வாசலில் நின்று அழுதோமே தவிர, ஹாலை ஒருவரும் நினைக்கவில்லை. பீரோவுக்குள் போன்கள் அணைந்து கிடக்க, அவர்கள் உங்களை நம்பித் தூங்கிக்கொண்டே இருந்தார்கள். இருட்டத் தொடங்கிய பிறகு ஒருத்திக்கு விழிப்பு வந்திருக்கிறது. கம்பெனி பஸ் எப்போதோ போய்விட்டது.

ராமநாதபுரத்து முத்துச்செல்வி ஏற்கெனவே ஒரு தரம் பஸ்ஸை விட்டவள். கான்ட்ராக்டர் அவளை ஊருக்கே போகச் சொல்லிவிட்டார். மூட்டை கட்டிக்கொண்டு உங்கள் அடக்கத்துக்கு வந்தாள். கோபமாக ஏதாவது சொல்வாள் என்று பயந்து நான் அவள் பக்கத்திலேயே நின்றேன். அவள் என் கையைப் பிடித்துக்கொண்டு, "நல்லா தூங்குனேன்டி அன்னைக்கு. அப்படித் தூங்கி எம்புட்டு நாளாச்சு" என்றாள்.

அதற்குப் பிறகு பையில் யாரும் போன் போடவில்லை. உங்கள் மேல் வருத்தம் ஒன்றும் இல்லை, பயம்தான். தலைக்கடியில் போனை வைத்துக்கொண்டு படுத்தார்கள். பழையபடி அலாரங்கள். இங்கேயும் தூக்கமில்லை என்றால் எதற்கு வர வேண்டும்? ஒவ்வொருத்தியாக வருவதை நிறுத்தினார்கள். செயலர் அங்கிள் கமிட்டியில், "வர்றவங்களே கொறஞ்சிட்டாங்க. டியூஷன் சென்டருக்கு ஹாலை வாடகைக்குக் கேக்கறாங்க" என்றார். பிளஸ் டூ பரீட்சை முடிந்து வீட்டில் இருந்த நான் ஜன்னலுக்கு வெளியிலிருந்து கையைத் தூக்கி, "நான் எழுப்பறேன்" என்றேன்.

கமிட்டியே சிரித்தது. "நீயா?" என்றார் செயலர் அங்கிள். "நீ எழுப்பினா ஏப்ரல் ஒண்ணுன்னு நெனச்சித் திரும்பிப் படுத்துக்குவாங்கம்மா."

ஆயர்தான், இந்த மாதக் கடைசி வரை பார்ப்போம் என்றார். அன்றிலிருந்து பையை நீட்டிக்கொண்டு நடந்தேன். காலிப் பையோடு திரும்பினேன். ஜார்கண்ட் சுனிதா, உங்களிடம் தமிழ் கற்றுக்கொண்டு உங்களையே திட்டுவாளே, அவள் கூடப் போடவில்லை. "நீ காமெடி பொண்ணு, ரூபி. நான் பஸ் விட்டா கான்ட்ராக்டர் காமெடி பண்ணாது" என்று போனைத் தலைக்கடியில் தள்ளினாள். எனக்கே என்மேல் அவ்வளவு நம்பிக்கை இல்லையே.

நேற்று மதியம், பக்கத்துத் தோட்டத்து முனிராஜ் அண்ணா குந்தாரப்பள்ளி சந்தையிலிருந்து டெம்போ நிறைய ஆடுகளோடு வந்து கேட்டருகே நின்றார். ஹாலில் ஆள் தூங்கினால் ஹாரன் அடிக்க மாட்டார், நீங்கள் வாங்கிய சத்தியம். இறங்கி வந்து, "ஏனம்மா ரூபி, ஹைவேல கல்லு ஏத்தினு வந்த லாரி சாஞ்சி கெடக்குது. வண்டிங்களை எல்லாம் உள்ரோட்டுல திருப்பி உடறாங்க. இந்தப் பொண்ணுங்க பஸ் இன்னிக்கி நம்ம ஸ்டாப்புக்கு வராது, தொரப்பள்ளி ரோட்டு வழியாத்தான் போவும்" என்றார்.

தொரப்பள்ளி ரோட்டுக்குத் தக்காளித் தோட்டங்களுக்கு நடுவே நடந்தே போக வேண்டும். அலாரம் அடிக்கும் வரை காத்திருந்தால் பஸ் போய்விடும். உடனே எழுப்ப வேண்டும். யார் நம்புவார்கள்? தட்டைத் தட்டிக் கத்தலாம் என்றுதான் கை முதலில் போனது. கத்தினால் ரூபியின் அடுத்த கூத்து என்று போர்வையை இழுத்துக்கொள்வார்கள். சுனிதாவின் தலைமாட்டுக்குப் போனேன். நகம் இல்லாததால் விரல் முட்டியால் பலகையில் இரண்டு தரம் தட்டினேன்.

உடனே கண் திறந்தாள். அந்தக் கண் என்னைப் பார்க்கவில்லை, ஆன்ட்டி. எனக்குப் பின்னால் பார்த்தது. உங்களைத் தேடியது.

விஷயத்தைச் சொன்னேன். என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். "நீ சிரிக்கல" என்றாள்.

"சிரிக்கல" என்றேன். அழுகை வந்துவிடும் போல இருந்தது.

அவள் எழுந்து மற்றவர்களை உலுக்கினாள். ஒடிசாப் பெண்கள் இருவர் என்னைக் காட்டி ஏதோ முணுமுணுத்தார்கள். சுனிதா ஒரே வார்த்தையில் அவர்கள் வாயை அடைத்தாள். எல்லாரும் வரப்பில் நடந்தோம். நானும் யாருடைய சாப்பாட்டுப் பையையோ தூக்கிக்கொண்டு போனேன். தொரப்பள்ளி ரோட்டில் நின்றால் பஸ்ஸைக் காணோம். லாரி வருகிறது, பால் வண்டி வருகிறது, பஸ் மட்டும் வரவில்லை. ஒவ்வொருத்தியும் ஒருமுறை ரோட்டைப் பார்த்தாள், ஒருமுறை என்னைப் பார்த்தாள். முனிராஜ் அண்ணா தப்பாகச் சொல்லியிருந்தால்? பஸ் நம் ஸ்டாப்புக்கே போயிருந்தால்? ஹால் போய்விடும், அது கூடப் பரவாயில்லை, இன்னொரு முத்துச்செல்வி மூட்டை கட்டுவாள். வாழ்க்கையில் முதல் தரமாக ஒரு சேட்டையும் செய்யாமல் மாட்டிக்கொண்டு நின்றேன்.

பஸ் வந்தது. ஏறினார்கள். யாரும் நன்றி சொல்லவில்லை, அவசரம். சுனிதா ஜன்னல் ஓரம் உட்கார்ந்ததும் கண்ணை மூடிவிட்டாள்.

இன்று காலை பையை நீட்டக்கூட எனக்குக் கூச்சமாக இருந்தது. சுனிதாவே கையை நீட்டிப் பையை இழுத்து, போனை அணைத்து உள்ளே போட்டாள். "இன்னிக்கி நீ" என்றாள். பிறகு ஒவ்வொருத்தியாகப் போட்டார்கள். பை கனத்தது. கனக்கக் கனக்க எனக்குப் பயம் கூடியது. காலிப் பையைத் தூக்கிக்கொண்டு நடந்தபோது அவமானம் மட்டும்தான் இருந்தது. நிறைந்த பையில் இத்தனை பேருடைய வேலை இருக்கிறதே! இதையா நீங்கள் தினமும் அத்தனை சாதாரணமாகப் பீரோவில் வைத்துப் பூட்டினீர்கள்?

நான் பூட்டவில்லை. மடியிலேயே வைத்திருக்கிறேன். சாப்பிட வீட்டுக்குப் போகவில்லை, அம்மா டிபன் பாக்ஸ் கொடுத்துவிட்டார். முனிராஜ் அண்ணாவிடமும் சொல்லி வைத்திருக்கிறேன். "மூணு மணிக்கு கேட் பக்கம் வந்து பாருங்கண்ணா. நான் கையாட்டலைன்னா உள்ள வந்து எல்லாரையும் எழுப்பிடுங்க."

"ஒனக்கு இன்னாம்மா ஆவும், குதிரைக்குட்டி மாதிரி இருக்கற?"

"ஆன்ட்டிக்கும் ஒண்ணும் ஆவாதுன்னுதான் இருந்தோம்."

அவர் தலையிலிருந்த துண்டை எடுத்துக் கையில் பிடித்துக்கொண்டு, "வரேன்" என்று மட்டும் சொன்னார்.

சாப்பிட்டு முடித்த கொஞ்ச நேரத்தில் செயலர் அங்கிள் வந்தார். செருப்பை வெளியே விட்டு, கதவோரம் நின்று காது கொடுத்தார். ஒரு அலாரம் இல்லை, ஒரு ரிங்டோன் இல்லை. மூச்சுச் சத்தம் மட்டும். அவர் சட்டைப் பையில் இருந்த போனை நினைத்துப் பதறிப்போய்ப் பையை நீட்டினேன். பழக்க தோஷத்தில் பத்து ரூபாயை எடுத்துப் போட வந்தார். "போனுங்க அங்கிள்" என்று கிசுகிசுத்தேன். ரூபாயைப் பார்த்தார், பையைப் பார்த்தார், உள்ளே கிடந்த போன்களைப் பார்த்தார். தன் போனை அணைத்து மெதுவாக அவற்றின் மேல் வைத்தார்.

"டியூஷன்காரங்க கிட்ட வேற எடம் பாத்துக்கச் சொல்லிடறேன்" என்றார், எனக்கு மட்டும் கேட்கிற குரலில். அப்படியே என் பக்கத்தில் உட்கார்ந்தார். ஏரோதின் அங்கி வெயிலை மறைத்துக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடத்தில் அவர் தலை சாய்ந்துவிட்டது. நீங்கள் சொன்னது சரி ஆன்ட்டி, குறட்டை விடுவது இவர்தான்.

சந்தோஷப்பட வேண்டிய நேரம். படபடப்பு மட்டும் அடங்கவில்லை. இன்றைக்கு எழுப்பிவிடலாம். நாளை? காய்ச்சலோடு ஒரு நாள் வரும், மழை வரும், காலேஜ் திறக்கும். அதற்குள் இன்னும் இரண்டு பேரையாவது இந்தப் பெஞ்சில் உட்கார வைக்க வேண்டும். நம்பித் தூங்குகிறவர்கள் எதிரில் பயம் இல்லாமல் உட்கார எப்படி முடிந்தது உங்களுக்கு? அல்லது நீங்களும் தினமும் பயந்தீர்களா? நகத்தை மட்டும் கடிக்காமல் விட்டு வைத்தீர்களா?

கேட்டருகே துண்டு தெரிகிறது. முனிராஜ் அண்ணா வந்துவிட்டார். கையாட்டிவிட்டேன்.

மூன்று மணி. மூன்று கடிகாரத்திலும். பையைக் கீழே வைக்க மனம் வரவில்லை, தூக்கிக்கொண்டே போகிறேன். முதலில் சுனிதா. பலகையில் இரண்டு தட்டு. அவள் கண் திறந்து எனக்குப் பின்னால் பார்ப்பாள். பார்க்கட்டும். நானும் ஒரு தரம் திரும்பிப் பார்த்துக்கொள்வேன்.

ரூபி