பராமரிப்பு முடிந்தது

நாள் 11. காலை 9.10. ஆழ்கடல் நிலையம், 410 மீட்டர்

மெயின்டனன்ஸ், அப்கீப், சர்வீஸ், ஓவர்ஹால். இந்த ஆங்கிலச் சொற்களுக்கு நடுவே கோடு எங்கே விழுகிறது? எனக்குத் தெரியாது. தூத்துக்குடிக் கரைத்தளத்து மெக்கானிக் ரீகன் பர்னாந்து இன்று கேபிள் இணைப்பில் இதைக் கேட்டார். எட்டு ஆண்டுகளுக்கு முன் நிலையத்தின் கையேட்டைத் தமிழில் எழுதிய குழுவுக்குத் தலைவி நான். எல்லாவற்றுக்கும் ‘பராமரிப்பு’ போதும் என்று வாதாடினேன். படிப்பவர் குழம்பக் கூடாது என்பது காரணம்.

நீரின் வெப்பநிலை 10.2 டிகிரி. காற்று இயல்பு. நாளை மேலே போகிறேன்.

நாள் 12. காலை 7.30

மேலே கொண்டுபோகும் கூண்டு வாசலில் பூட்டியபடி நிற்கிறது. அதன் கதவு திறக்கவில்லை. கூண்டையும் நிலையத்தையும் இணைக்கும் பூட்டு வளையத்தின் ரப்பர் இறுகிவிட்டது. கைச்சக்கரத்தில் முழு எடையையும் போட்டுப் பார்த்தேன். அசையவில்லை.

காலை 11.45

காற்று இன்னும் 36 மணி நேரத்துக்கு.

ரீகன்: “பதிவேட்டுல எல்லாம் சரியாத்தான் இருக்கு மேடம். ஆறு மாசத்துக்கு ஒருக்கா பராமரிப்பு முடிஞ்சதுன்னு எங்கையெழுத்து இருக்கு.”

என்ன செய்தீர்கள் என்று கேட்டேன்.

“தொடச்சோம். கிரீஸ் வச்சோம். சூடம் காட்டாததுதான் பாக்கி.”

வளையத்தைக் கழற்றினீர்களா?

“கழட்டணும்னு கையேட்டுல இல்லியே மேடம்.”

ஆங்கில மூலத்தைத் திறந்து பார்த்தேன். ஆறு மாதத்துக்கு ஒருமுறை துடைப்பது ஒரு பத்தி. இரண்டு ஆண்டுக்கு ஒருமுறை முழுவதும் கழற்றி ரப்பர் மாற்றுவது அடுத்த பத்தி. தமிழில் இரண்டுக்கும் ‘பராமரிப்பு’ என்ற ஒரே தலைப்பு வந்தது. அச்சில் ஏதோ இரட்டித்துவிட்டது என்று நினைத்து, உள்ளே படிக்காமல் இரண்டாவதை அடித்து நீக்கினேன். மெய்ப்புத் தாளில் என் சுருக்கொப்பம் இருக்கும்.

மதியம் 2.15

ரீகன்: “நாளைக்குக் காலையில மாத்துக் கூண்ட எடுத்துக்கிட்டு நானே வாறேன்.”

அதன் வளையத்தையும் கழற்றி ரப்பர் மாற்றாமல் வரக் கூடாது என்றேன்.

“அதுக்கு ரெண்டு நாளாவும். உங்களுக்குக் காத்து ஒண்ணரை நாளைக்குத்தான? அது நாலு வருசத்துல ரெண்டு வாட்டிதான் எறங்கிருக்கு. புதுப்பொண்ணு கணக்கா இருக்கும், வாங்க.”

இது கட்டளை என்றேன்.

“என்ன மேடம்? இரைச்சலா இருக்கு, ஒண்ணும் கேக்கல.”

அவருக்குக் கேட்டிருக்கிறது. இணைப்பில் இரைச்சலே இல்லை.

மாலை 4.20

இதைக் கண்டெடுப்பவருக்கு. பதிவேட்டில் இருப்பது ரீகனின் கையெழுத்து. தவறு என்னுடையது. விசாரணையில் அவரை நிறுத்த வேண்டாம். அவருக்கு இரண்டு பெண்கள். பெரியவள் பிளஸ் டூ. இதெல்லாம் குறிப்பேட்டில் வரக் கூடாது. வந்துவிட்டது.

அவர் வராமலிருந்தால் நல்லது. வர வேண்டும் என்றும் இருக்கிறது. இரண்டும் உண்மை.

நாள் 13. காலை 10.05

8.40க்கு வந்தார். நிலையத்தின் இரண்டாவது வாசலில் கூண்டு சரியாகப் பொருந்தியது. வளையம் பூட்டிக்கொண்டது. அதற்குப் பிறகு திறக்கவில்லை. விட்டு விலகி மேலே போகவும் அவரால் முடியவில்லை. உள்ளங்கை அகலக் கண்ணாடி வழியே அவர் நெற்றி மட்டும் தெரிகிறது.

என்னிடம் காற்று பதின்மூன்று மணி நேரத்துக்கு. அவரிடம் ஒன்பது. கரையில் மூன்றாவது கூண்டு இல்லை.

“மேடம், உங்க பக்கத்துச் சக்கரத்தப் புடிங்க. நான் மூணு எண்ணுதேன். ரெண்டு பேரும் ஒண்ணாத் திருப்புவோம்.”

நாற்பது முறை ஆயிற்று. இடையில் எழுதுகிறேன். விரல்கள் மடங்க

மறுபடி ஆரம்பித்துவிட்டார். ஒன்று. இரண்டு.