மீன் புகுந்த வயலின் மதகுப் பூட்டைத் திறந்துவிட வேண்டி

அனுப்புநர்:
மதகடி வயல்காரர்,
கடற்கரை வரப்போரம்.

பெறுநர்:
தீவு நிர்வாக அதிகாரி அவர்கள்,
தீவு நிர்வாக அலுவலகம்.

பொருள்: என் அரை ஏக்கர் நெல்வயலை மீன்வளத்துறை கடல் என்றும் வேளாண்துறை தரிசு என்றும் முடிவு செய்திருப்பது தொடர்பாக.

மதிப்பிற்குரிய ஐயா,

1. இரண்டு வாரத்துக்கு முன் கடல் ஏறியபோது என் வயலின் மதகுப் பலகை உடைந்து, முழங்கால் அளவு உப்புத்தண்ணீரும் அதோடு மீன்குஞ்சுகளும் உள்ளே வந்துவிட்டன. மறுநாளே புதுப் பலகை போட்டேன். அதோடு வாயை மூடிக்கொண்டு, கடல் வற்றும் நேரத்தில் மதகைத் திறந்திருந்தால் தங்களுக்கு இந்தத் தொந்தரவே இல்லை. ஆனால், கடல் மீன் எங்கே தென்பட்டாலும் தெரிவிக்க வேண்டும் என்ற அறிவிப்பை மதித்து, மீன்வளத்துறைக்கு நானே எழுதிக் கொடுத்தேன். என் மனைவி அன்றே தலையில் அடித்துக்கொண்டார்.

2. மீன்வளத்துறையினர் வந்து குஞ்சுகளை அளந்து பார்த்தார்கள். இது இனப்பெருக்கக் காலம் என்பதால் வயல் முழுவதும் அறுபது நாளைக்குப் பாதுகாக்கப்பட்ட கடற்பகுதி என்று அறிவித்து, மதகுக்குப் பூட்டுப் போட்டுவிட்டார்கள். வயலில் நான் கால் வைக்கத் தடை.

3. தடையைக் காக்க நியமிக்கப்பட்ட காவலர் என் மனைவியின் உடன்பிறந்த தம்பி. மதியம் என் வீட்டில்தான் சாப்பிடுகிறார். கை கழுவியதும், "அத்தான், நீங்க வரப்புல நில்லுங்க, பேசுங்க. கால உள்ள வெச்சா மட்டும் நான் எழுதிருவேன்" என்கிறார். அவர் கடமை தவறாதவர் என்பதை இங்கே வயிற்றெரிச்சலுடன் பதிவு செய்கிறேன். என் மனைவி இப்போது எங்கள் இருவரிடமும் பேசுவதில்லை.

4. வேளாண்துறையின் பதிவேட்டில் இது இன்றும் வயல். இம்மாதம் 30ஆம் தேதிக்குள் நடவு முடியாவிட்டால் தரிசு என்று எழுதி எடுத்துக்கொள்வார்களாம். நேரில் வந்து பார்க்கும்படி கேட்டேன். வந்தார்கள். கால் வைக்கத் தடை அவர்களுக்கும் உண்டு என்பதால் தோணியில் ஏறி வயலைச் சுற்றிப் பார்த்தார்கள். தோணியைத் தள்ளிக்கொண்டு தண்ணீரில் நடந்தவர் மேற்படி மைத்துனர். தோணியில் உட்கார்ந்தபடியே அதிகாரி எழுதிய குறிப்பு: "நடவு இல்லை. உரிமையாளரின் அலட்சியம்." தண்ணீரைப் பற்றி எழுதக் கூடாதா என்று கேட்டேன். அவர்கள் படிவத்தில் அதற்கு இடம் இல்லையாம்.

5. நேற்று மீன்வளத்துறையினர் மீன்களை எண்ணியதில் நாற்பது குறைந்திருப்பதாக என்னிடம் விளக்கம் கேட்டிருக்கிறார்கள். தின்றது கொக்குகள். பகல் முழுக்க அவை வயலில்தான் நிற்கின்றன. மைத்துனருக்கு மனிதர்களைத் தடுக்கத்தான் உத்தரவு, கொக்குகளைத் தடுக்க இல்லையாம். விரட்டலாம் என்றால் நான் கால் வைக்க வேண்டியிருக்கிறது.

6. ஐயா, வீட்டுக் கொல்லையில் விட்ட நாற்றுக்கு இன்று இருபத்தொன்பது நாள். இன்னும் ஒரு வாரம் போனால் நட்டாலும் தூர் கட்டாது. எனக்கு வேறு நிலமும் இல்லை, வேறு விதைநெல்லும் இல்லை. கடல் வற்றும் நேரத்தில் மதகைத் திறந்தால் குஞ்சுகள் தண்ணீரோடு கடலுக்குப் போய்ப் பிழைத்துக்கொள்ளும். இரண்டு மழையில் உப்பும் கழுவிப் போகும், நானும் நட்டுவிடுவேன். இதைச் சொன்னதற்கு, பாதுகாக்கப்பட்ட கடற்பகுதியிலிருந்து மீன்களை வெளியேற்றுவது குற்றம் என்று பதில் வந்தது.

முழங்காலுக்கு இருந்த தண்ணீர் இப்போது கணுக்காலுக்கு இறங்கிவிட்டது. இன்னும் பத்து நாளில் தானே வற்றிவிடும். காக்கப்பட்ட மீன்கள் அத்தனையும் அன்று சேற்றில் செத்துக் கிடக்கும். அது வயல்தான் என்று இரண்டு துறையினரும் அப்போது ஒத்துக்கொள்வார்கள். நடுவதற்கு என்னிடம் நாற்று இருக்காது. ஆகவே நாளைக் காலை கடல் வற்றும்போது, ஒரே ஒரு முறை, அந்தப் பூட்டைத் திறக்க உத்தரவிடுமாறு கைகூப்பிக் கேட்டுக்கொள்கிறேன். சாவி என் மைத்துனரின் இடுப்பில் இருக்கிறது. தங்கள் கையெழுத்து வந்தால் அடுத்த நிமிடமே திறப்பதாக அவரும் சொல்கிறார். சொல்லும்போது அவருக்குக் கண் கலங்குகிறது.

இடம்: வரப்பு
நாள்: இம்மாதம் 19

இப்படிக்கு,
தங்கள் உத்தரவுக்காக வரப்பிலேயே நிற்கும்
(ஒப்பம்) மதகடி வயல்காரர்