தூக்குவாளியில் வந்த மீன்

அக்கா,

நேற்று இவர் உங்கள் மீன்தொட்டியை விழுப்புரத்திலிருந்து பாசஞ்சர் ரயிலில் மடியில் வைத்தே கொண்டுவந்து சேர்த்தார். உங்கள் வீட்டுக்காரர் கொடுத்தனுப்பினாராம். தண்ணீரும் இல்லை, மீனும் இல்லை. இரும்புச் சட்டமும் கண்ணாடியும்தான். குனிந்தால் இன்னும் பாசி வாடை. நீங்கள் போய் எட்டு மாதமாகிறது. அந்த வாடையில் எனக்கு முதலில் வந்தது அழுகை இல்லை, பழைய வயிற்றெரிச்சல்தான்.

உங்கள் கொழுந்தனைக் கட்டிக்கொண்டு நான் திண்டிவனம் வந்த புதிது. அப்போதுதான் உங்கள் வீட்டுக்கு மெட்ராசிலிருந்து கப்பி மீன்கள் வந்தன. மூன்று பெண், ஆரஞ்சு வாலில் கறுப்புப் பொட்டு வைத்த ஒரே ஒரு ஆண். ஞாயிறு தவறாமல் இவர் அதைப் பார்க்க விழுப்புரம் ஓடுவார். "முட்டையே போடாம குட்டி போடுது, தெரியுமா? எல்லாம் அண்ணி கைராசி!" நான் வைத்த குழம்பைப் பிசைந்துகொண்டே சொல்வார். என் கைராசியைப் பற்றி அந்த வாய் ஒரு நாளும் திறந்ததில்லை.

பிறந்த குட்டியைத் தாயே தின்றுவிடும் என்று, குட்டிகள் ஒளிந்துகொள்ள வேலம்பாசியை அடர்த்தியாகப் போட்டு வைத்திருப்பீர்கள். தேறிய குட்டிகளைத் தெருவுக்கே பங்கு போட்டுக் கொடுப்பீர்கள். நான் அங்கே வந்திருந்தபோது எனக்கும் நீட்டினீர்கள். "வேணாங்க்கா, யாரு பாத்துக்கறது" என்றேன். அன்று ரயிலில் வீடு வரும்வரை இவர் முகத்தை ஜன்னல் பக்கமே திருப்பி வைத்திருந்தார்.

அந்தப் பொங்கலுக்கு உங்கள் வீட்டுக்கு வந்தபோது, நீங்கள் காப்பி போட உள்ளே போன நேரத்தில், டம்ளரால் அந்த ஆண் மீனை மொண்டு என் தூக்குவாளியில் ஊற்றி மூடினேன். ஆண் இல்லாமல் எப்படிக் குட்டி போடும், பார்க்கிறேன் என்ற ஆங்காரம். ரயில் விக்கிரவாண்டி தாண்டும்போது இவர், "தாகமா இருக்குது, தூக்குல தண்ணி இருக்குதா?" என்றார். "காலிங்க" என்றேன். மடியில் தண்ணீர் தளும்பிக்கொண்டிருந்தது. வீட்டில் வைத்தால் இவர் வாலைக் கண்டுபிடித்துவிடுவார். அதனால் எங்கள் கொல்லைக் கிணற்றில் விட்டேன்.

அந்த மாதமும் குட்டி. அடுத்த மாதமும் குட்டி. "ஆம்பள செத்துப்போயி எங்கியோ ஒதுங்கிடுச்சி போல. ஆனாலும் பாரேன், அண்ணி கைராசிய!" என்று இவர் கூத்தாடினார். எனக்குத் தூக்கமே போய்விட்டது.

பங்குனி உத்திரத்துக்கு மயிலம் போக எங்கள் வீட்டில் வந்து தங்கினீர்கள். விடிந்ததும் குளிக்கத் தண்ணீர் இறைத்தீர்கள். வாளியில் அந்தப் பொட்டு வால்! நான் பக்கத்திலேயே நின்றிருந்தேன். நீங்கள் வாளியைப் பார்த்தீர்கள், என்னைப் பார்த்தீர்கள். கொல்லைக் கோடியில் பல் விளக்கிக்கொண்டிருந்த இவர், "இன்னா அண்ணி, அப்படிப் பாக்கறீங்க?" என்று கேட்டார்.

"ஒண்ணுமில்லப்பா, இலை வுழுந்திருக்குது."

வாளியை மெல்லக் கிணற்றில் இறக்கிக் கவிழ்த்தீர்கள். பிறகு என் காதருகில், "ஒரு தபா சேந்துட்டா போதும்டி, பொட்டைங்க வயித்துலியே வெச்சிக்கினு மாசாமாசம் போடும். இதுதான் பாவம், ஒண்டியா கெடக்குது" என்றீர்கள். அவ்வளவுதான். திட்டியிருந்தால் நானும் நாலு வார்த்தை திருப்பிக் கொடுத்திருப்பேன். அதற்கும் வழியில்லாமல் செய்துவிட்டீர்களே!

அடுத்த முறை நாங்கள் விழுப்புரம் வந்தபோது நிறைசூலியாக இரண்டு பெண் மீன்களை நீங்களே என் தூக்குவாளியில் விட்டு, "அவன் கேட்டா மோருன்னு சொல்லிடு" என்று மூடிக் கொடுத்தீர்கள். ஆடிக்குள் கிணறு முழுக்கக் கப்பி. மழையோடு வந்திருக்கும் என்று இவர் தெருவெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார்.

உங்கள் காரியத்தன்று ஆளாளுக்கு உங்கள் நல்ல குணத்தைச் சொல்லி அழுதார்கள். பெற்ற தாய்க்குக்கூட இவர் அப்படி அழுததில்லை. அவர்கள் சொன்ன எல்லாவற்றையும்விடப் பெரிய ஒன்று எனக்குத் தெரியும். நாக்கு நுனிவரை வந்தது, விழுங்கிவிட்டேன். திருட்டு வெளியே வரும் என்ற பயமெல்லாம் எப்போதோ போய்விட்டது. இத்தனை வருஷத்துக்குப் பிறகு இவர் என்னைத் திட்டவும் மாட்டார், சிரிப்பார். சிரித்து முடித்துவிட்டு, "பாத்தியா, அண்ணின்னா அண்ணிதான்" என்பார்.

அதை இன்னொரு முறை கேட்க எனக்கு இன்னும் மனசு வரவில்லை, அக்கா.