மைதானத்தை இரண்டு சுற்று

அன்புள்ள மகனுக்கு அப்பா எழுதுவது. நானும் உன் அம்மாவும் நலம். நீயும் மருமகளும் நலமா என்று கேட்டால் பதில் வராது, ஆகவே நலம் என்றே வைத்துக்கொள்கிறேன்.

ரக்பி சங்கத்தின் செயலாளர் நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். பதினோரு வருடம் ஆடினேன், இருபத்திரண்டு வருடம் மற்றவர்களை ஆட்டிவைத்தேன் என்று விடைபெறும் கூட்டத்தில் சொன்னேன், உன் அம்மாவைத் தவிர எல்லோரும் சிரித்தார்கள். எனக்குப் பாராட்டு மலர் போடுகிறார்கள். மைதானத்தில் தண்ணீர் நிற்காதபடி வடிகால் வெட்டியது, பெண்கள் அணி தொடங்கியது எல்லாம் வருகிறது. ஒன்றில்தான் முட்டுக்கட்டை. அடிபட்டது என்று எவன் வந்து நின்றாலும் என் கண்முன்னே மைதானத்தை இரண்டு சுற்று ஓடவேண்டும், ஓடி முடித்தால் அன்றைக்கு ஆடவேண்டும் என்று வைத்திருந்தேன் அல்லவா, புதிய செயலாளர் வந்த முதல் வாரமே அதை எடுத்துவிட்டாள். உடை மாற்றும் அறையில் அந்த விதியை எழுதி நான் தொங்கவிட்ட பலகையை ஆணியோடு பிடுங்கினார்கள். மலரிலும் அது வேண்டாமாம். "சார், உங்க பையனுக்கே அதனாலதான் முழங்கால் போச்சு. அது நல்ல விதிதான்னு அவரே எழுதிக் குடுத்தா போடறேன்" என்றாள். மரியாதையாகத்தான் சொன்னாள். வாய்க்கொழுப்பு.

ஆகவே உன்னிடமிருந்து ஒரு பக்கம் வேண்டும். நீ எழுதமாட்டாய், சோம்பல் உனக்கு அம்மா வழி. நானே எழுதி இத்துடன் வைத்திருக்கிறேன். இரண்டு சுற்றும் நீயே ஓடினாய், எப்படி இருக்கிறது என்று கேட்டதற்கு "ஒண்ணுமில்லப்பா" என்று நீயே சொன்னாய், அப்பா யாருக்கும் சலுகை காட்டவில்லை, மகனுக்கும், இவ்வளவுதான் அதில். கையெழுத்துப் போட்டு வெள்ளிக்கிழமைக்குள் அனுப்பு. உன் அம்மா தோளுக்கு மேலாக எட்டிப் படித்துவிட்டு "அவன் கால வாங்கினது போதலையா, கையும் வேணுமா உங்களுக்கு" என்றாள். அவளுக்கு விளையாட்டு தெரியாது. நீ மாடிப்படியில் கைப்பிடியைப் பிடித்துக்கொண்டு ஏறுகிறாய் என்று மருமகள் அவளிடம் சொன்னாளாம். முப்பத்து நான்கு வயதில் அது அசிங்கம். பிடிக்காமல் ஏறிப் பழகு.

அந்தப் பக்கத்தின் நடுவில் ஒரு வரி அளவுக்குக் காலியாக இருக்கும். "ஓடும்போது நான் நொண்டவில்லை" என்று நீ சொல்வதாக அங்கே வரவேண்டும். மூன்று தடவை எழுதி அடித்தேன். முதல் சுற்றில் கோல் கம்பத்தைத் தாண்டும்போதே உன் கால் இழுத்ததைப் பார்த்தேன். இன்னொரு சுற்று என்று விரலைக் காட்டியதும் நான்தான். அந்த வரியை நீ எழுதிவிடு. நான் எழுதினால் பொய்யாகிவிடும்.

நீண்ட ஆயுளோடும் குறைவில்லாமலும் இருவரும் வாழவேண்டும். வெள்ளிக்கிழமையை மறக்காதே.

இப்படிக்கு,
அப்பா
முன்னாள் செயலாளர்