ட்வீட்டரில் விழுந்த ஓட்டை

ஜூன் 3, செவ்வாய்

குழந்தை உயிரில்லாமல் பிறந்த பிறகு இன்றுதான் பட்டறையில் உட்கார்ந்தேன். பட்டறை என்ன பட்டறை, ஸ்பீக்கர் ரிப்பேர் பார்க்கச் சமையலறையை ஒட்டி ஒரு அறை, அவ்வளவுதான். பல் டாக்டர் தன் பழைய ஸ்பீக்கர் ஜோடியைக் கொண்டுவந்தார். உசத்தியான சரக்கு. "பெத்த பிள்ள மாதிரி வச்சிருக்கேம்மா" என்றவர், சட்டென்று நாக்கைக் கடித்துக்கொண்டார். எனக்கு ஒன்றும் ஆகவில்லை. ரசீது எழுதிக் கொடுத்தேன்.

ஜூன் 4, புதன்

கனத்த ஒலி தரும் பெரிய வூஃபர்களைக் கழற்றித் தூசி தட்டினேன். கூம்பைச் சுற்றியிருக்கும் ஃபோம் வளையம் தொட்டதுமே பொடிந்தது. வயசுக் கோளாறு, மாற்றிவிடலாம். நாலு விரலால் கூம்பை மெல்ல அழுத்திப் பார்த்தேன். உள்ளே கம்பிச் சுருள் எங்கும் உரசவில்லை. மீட்டரிலும் இரண்டும் ஒன்றுபோல.

கணவர் எட்டிப் பார்த்து, "சாப்பிட்டியா?" என்றார். இப்போதெல்லாம் அவர் கேட்பது அது ஒன்றுதான்.

ஜூன் 6, வெள்ளி

ட்வீட்டரைக் கெடுத்துவிட்டேன்.

கீச்சொலிகளுக்கான சின்ன ஸ்பீக்கர் அது; முன்னால் இருப்பது பட்டுத்துணிக் குமிழ். கண்ணிமையைத் தொடுவதுபோலத் தூரிகையால் துடைத்தேன், அதுவரை பழுதில்லை. திருகை முடுக்கும்போது உள்ளேயிருந்த காந்தம் ஸ்க்ரூடிரைவரை வெடுக்கென்று இழுத்தது. குமிழில் ஓட்டை. இந்த மாடலுக்கு உதிரி வருவது எப்போதோ நின்றுவிட்டது.

ஐயோ என்றாவது கத்த வேண்டாமா? கல்லு மாதிரி உட்கார்ந்திருந்தேன். அதுதான் பயமாக இருக்கிறது — இல்லை, பயம்கூட இல்லை.

ஜூன் 7, சனி

எதுவும் செய்யவில்லை. உடைத்துவிட்டேன் என்று மட்டும் கணவரிடம் சொன்னேன்.

ஜூன் 9, திங்கள்

டாக்டர் வந்தார். நான் வாயைத் திறப்பதற்குள் கணவர் முந்திக்கொண்டு, "சார், வூஃபர நான்தான் உடைச்சிட்டேன். அவ மேல தப்பில்ல" என்றார். ஸ்க்ரூடிரைவரை எந்தப் பக்கம் பிடிப்பது என்றே தெரியாத மனுஷன். டாக்டர் ஓட்டையை வெகுநேரம் பார்த்தார். "பல்லா இருந்தா அடைச்சிருப்பேன். எங்கயாவது கிடைக்குதான்னு பாருங்க" என்று சொல்லிவிட்டுப் போனார்.

எங்கிருந்துதான் அந்தக் கோபம் வந்ததோ. "என் கை பண்ணதுக்கு நீங்க எதுக்குப் பழிய ஏத்துக்கணும்? நான் கேட்டேனா?" என்று கத்தினேன்.

அவர் சுவரைப் பார்த்தபடி, "வலி, ஆஸ்பத்திரி, எல்லாத்தையும் நீயே சுமந்த. எனக்குன்னு ஒண்ணுமே இல்ல. இதையாவது நான் வச்சுக்கறேனே" என்றார்.

பிள்ளை அவருக்கும்தானே போச்சு. இது ஏன் எனக்குத் தோணவே இல்ல?

ஜூன் 17, செவ்வாய்

வெளியூர்க் கடைக்காரர் ஒருவரிடம் பெட்டி நொறுங்கிய அதே மாடல் இருந்தது. அதிலிருந்த ட்வீட்டரை எடுத்துப் பொருத்தினேன். ஓடவிட்டுக் கேட்டேன், இடதும் வலதும் ஒத்துப்போகின்றன. டாக்டருக்குப் போன் செய்து, உடைத்தது நான்தான் என்று சொன்னேன்.

"அது அன்னிக்கே தெரியும்மா" என்றார். "ட்வீட்டரப் போய் வூஃபர்னாரே உங்க வீட்டுக்காரர்!"

சிரித்தேனா என்ன? சிரித்த மாதிரிதான் இருந்தது.

ஜூன் 22, ஞாயிறு

அவர் குளிக்கப் போயிருந்தார். தண்ணீர்ச் சத்தத்துக்கு அடியில் அழுகை கேட்டது. எத்தனை நாளாக இப்படியோ.

கதவைத் தட்டினேன். திறந்தார்.