சிவப்பு மையில் அடித்த அளவு

பூந்தமல்லி
சனிக்கிழமை காலை

அன்புத் தம்பி அர்ஷதுக்கு,

அக்காவின் ஸலாம். நலம்தானே என்று கேட்டுத் தொடங்க மனம் வரவில்லை. நீ நலமாக இல்லை என்று தெரிந்துதான் எழுதுகிறேன். போனில் சொன்னால் பாதியிலேயே “சரிக்கா, சரிக்கா” என்று வெட்டிவிடுவாய். வாய்ஸ் அனுப்பினால் உன் ரூமில் ஆறு பேர் காதில் விழும். நம் தெரு அப்துல் முத்தலிப் மாமா தன் மகனைப் பார்க்க ஷார்ஜா கிளம்புகிறார் என்று தெரிந்ததும் பேப்பரை எடுத்து உட்கார்ந்துவிட்டேன். அவரிடம் ஒரு தெர்மாகோல் டப்பா கொடுத்திருக்கிறேன். உள்ளே ஐஸ் பையோடு கண் சொட்டு மருந்து நான்கு குப்பி இருக்கிறது. கைக்கு வந்ததும் ஃப்ரிட்ஜில் வை. அம்மா கொடுத்த ஊறுகாயைத் திறக்கிற அவசரத்தில் இதை மறந்துவிடாதே. உன்னை எனக்குத் தெரியும்.

அம்மாவுக்கு முட்டி வலி அப்படியேதான் இருக்கிறது. தெருவை மறுபடியும் தோண்டிப் போட்டிருக்கிறார்கள், வாசல் தாண்டப் பலகை போட்டு நடக்கிறோம். உனக்கு ஏசி காற்றில் கண் எரிச்சல் என்றுதான் அம்மாவிடம் சொல்லி வைத்திருக்கிறேன். பன்னீர் விட்டுக் கழுவச் சொல் என்று தினமும் என்னை அரிக்கிறார். தயவுசெய்து பன்னீர் எதுவும் விடாதே.

போன வாரம் நீ சொன்னதைத்தான் எட்டு நாளாக மென்று கொண்டிருக்கிறேன். தண்ணீர் கேன் வண்டியின் இடது பக்கக் கண்ணாடியை இரண்டு முறை தூணில் உடைத்தாய் என்று கம்பெனியே உன்னைக் கண் டாக்டரிடம் அனுப்பியது. நீ போர்டில் கடைசி வரி வரைக்கும் கடகடவென்று படித்துவிட்டாய். அதன் பிறகு அவர் கண்ணுக்குள் இருக்கும் அழுத்தத்தை அளந்து முப்பத்து நாலு என்றாராம். பத்திலிருந்து இருபத்தொன்று வரைதான் சரியான அளவு என்பது என்னோடு பேசிப் பேசி உனக்கே தெரியும். உடனே நீ அவரிடம், எங்கள் அக்கா கண் ஆஸ்பத்திரியில் இருக்கிறாள், அவளே அளந்து பதிமூன்று என்றாள், உங்கள் மிஷினைத்தான் ரிப்பேருக்கு அனுப்ப வேண்டும் என்று சண்டை போட்டிருக்கிறாய். மருந்துச் சீட்டையும் கிழித்துப் போட்டிருக்கிறாய். அன்றிலிருந்து மூன்று மாதமாக ஒரு சொட்டு விடவில்லை. இதையெல்லாம் பெருமையாகச் சிரித்துக்கொண்டே சொன்னாய்.

தம்பி, அவர் மிஷின் சரி. நான் சொன்னதுதான் தப்பு. இந்த ஒரு வரிக்காகத்தான் இத்தனை பக்கமும். மீதியைப் படிக்காவிட்டாலும் பரவாயில்லை, இதை மட்டும் நம்பு.

இல்லை, மீதியையும் படி. ஏன் என்று தெரியாவிட்டால் நீ நம்ப மாட்டாய்.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் நாற்பது நாள் லீவில் வந்திருந்தாயே, அப்போது எங்கள் அம்பத்தூர் ஆஸ்பத்திரியில் ஓர் ஆய்வு நடந்தது. அழுத்தம் அளக்க எங்களிடம் இரண்டு கருவி உண்டு. ஒன்று காற்றைப் ‘புஸ்’ என்று ஊதி அளக்கும், அரை நிமிஷ வேலை. இன்னொன்று மரத்துப்போக மருந்து விட்டு, நீல விளக்கில் கண்ணையே தொட்டு அளக்கும் பழைய கருவி. அதற்குக் கைப்பழக்கம் வேண்டும், நேரமும் பிடிக்கும். நூறு பேருக்கு இரண்டிலும் அளந்து, இரண்டும் ஒத்துப்போகிறதா என்று பார்க்க வேண்டும். ஒத்துப்போனால் கண் சோதனை முகாம்களுக்கு ஊதும் மிஷினை மட்டும் எடுத்துப் போகலாம் என்பது எங்கள் தலைமை டாக்டர் வசந்தகுமாரியின் திட்டம். அளக்கும் பொறுப்பு முழுக்க என்னுடையது.

கடைசி நாள் கணக்கு தொண்ணூற்றெட்டில் நின்றது. வருவதாகச் சொன்ன இரண்டு பேர் வரவில்லை. உன்னையும் அம்மாவையும் ஆட்டோவில் வரச் சொன்னேன். “இன்னாக்கா, என் கண்ண வெச்சி நீ பட்டம் வாங்கிக்கப் போறியா?” என்று கிண்டலடித்துக்கொண்டே நாற்காலியில் உட்கார்ந்தாய். ஊதினதும் துள்ளிக் குதித்து நர்ஸுகளையெல்லாம் சிரிக்க வைத்தாய்.

அம்மாவுக்குப் பதினாறு, பதினேழு. அழகாக ஒத்துப்போனது. உனக்கு ஊதும் மிஷின் பதிமூன்று சொன்னது. தொடும் கருவி இருபத்தொன்று சொன்னது.

எட்டு வித்தியாசம். தொண்ணூற்றொன்பது பேரில் யாருக்கும் அப்படி வரவில்லை. வரைபடத்தில் எல்லாப் புள்ளியும் கோட்டை ஒட்டி நிற்க, நீ மட்டும் எங்கேயோ தனியாகப் போய் நின்றாய். எனக்கு எரிச்சல் வந்தது. நீ கண்ணை இறுக்கியிருப்பாய், ஒழுங்காக உட்காரவில்லை என்று முடிவு கட்டினேன். இருபத்தொன்றின் மேல் சிவப்பு மையில் கோடு போட்டு, ‘நம்பத்தகாத அளவு’ என்று எழுதினேன். கேன்டீன் அஜித்குமாரைப் பிடித்து இழுத்து வந்து உட்கார வைத்து நூறை முடித்தேன். உன்னிடம் பதிமூன்று என்று மட்டும் சொன்னேன். சூப்பர் கண்ணு என்றும் சொன்னேன்.

ஆனால் எனக்குத் தெரியும் அர்ஷத். உன் கல்யாணத்துக்கு முன்னால், சோடாபுட்டி மாப்பிள்ளை என்று பெண் வீட்டில் சொல்லிவிடுவார்கள் என்று நீ பயந்தபோது, லேசர் செய்து கண்ணாடியைக் கழற்ற உன்னைக் கூட்டிப்போனதே நான்தான். லேசர், கண்ணின் முன்படலத்தைச் சீவி மெலிதாக்கிவிடும். சைக்கிள் டியூபைக் கட்டைவிரலால் அமுக்கிக் காற்று பார்ப்போமே, அப்படித்தான் இந்தக் கருவிகளும். ரப்பர் மெலிதாக இருந்தால் உள்ளே எவ்வளவு காற்று இருந்தாலும் விரல் சுலபமாக அமுங்கும், காற்று குறைவு என்று நினைத்துக்கொள்வோம். உன் கண்ணை இரண்டு கருவியுமே குறைத்துத்தான் காட்டின. ஊதும் மிஷின் இன்னும் அதிகமாக ஏமாந்தது. உண்மையில் இருபத்தாறோ இருபத்தேழோ இருந்திருக்கும். லேசர் செய்தவர்களை ஆய்வில் சேர்க்கக் கூடாது என்ற விதியைத் தட்டச்சு செய்து சுவரில் ஒட்டியதும் நான். ஆள் குறைகிறதே என்று சேர்த்தேன். சேர்த்த பிறகு, கோடு கெடுகிறதே என்று நீக்கினேன். படலத்தின் தடிமனை அளக்கிற கருவி மாடியில்தான் இருந்தது. ஐந்து நிமிஷ வேலை. நான்கு நாளில் நீ விமானம் ஏறிவிட்டாய்.

ஆய்வு அச்சில் வந்தது. ஒரு மாநாட்டில் இரண்டாம் பரிசும் கிடைத்தது. அந்தக் கேடயம் வீட்டு அலமாரியில் இருந்ததை நீயும் வீடியோ காலில் பார்த்துக் கைதட்டினாய். இப்போது பருத்திப்பட்டு முகாமானாலும் குத்தம்பாக்கம் முகாமானாலும் ஊதும் மிஷின் மட்டும்தான் போகிறது. வரிசையில் வந்து உட்காருகிற ஒவ்வொருவரிடமும் லேசர் செய்திருக்கிறீர்களா என்று இப்போது நான் கேட்கிறேன். இதுவரை வந்து போனவர்களை எங்கே தேடுவது என்று தெரியவில்லை.

வசந்தகுமாரி டாக்டரிடம் போய் எல்லாவற்றையும் சொன்னேன். அவர் திட்டவில்லை. உன் அளவைத் திரும்பச் சேர்த்துக் கணக்குப் போட்டுப் பார்க்கச் சொன்னார். போட்டேன். சராசரி வித்தியாசம் வெறும் புள்ளி பூஜ்யம் ஏழு மாறியது. ஆய்வின் முடிவு அப்படியேதான் இருக்கிறது, விடு நசீம் என்றார். அதைக் கேட்டதும்தான் எனக்கு அழுகை வந்தது. உன்னை நீக்கியிருக்கவே வேண்டாம். எதற்காக நீக்கினேனோ அதற்குக்கூட உதவாத காரியம்.

அந்த ஊர் டாக்டர் உன் பார்வையைச் சோதித்துக் கொடுத்து, நீ போனில் அனுப்பிய ரிப்போர்ட் படத்தையும் அவரிடம் காட்டினேன். பெரிதாக்கிப் பெரிதாக்கிப் பார்த்தார். உன்னிடம் மறைத்து இனி எந்தப் பிரயோஜனமும் இல்லை, சொல்லிவிடுகிறேன். அதில் கறுப்பாக இருப்பதெல்லாம், அழுத்தம் கண் நரம்பை நசுக்கிப் பார்வை செத்துப்போன இடம். இடது கண் ஏறக்குறைய முடிந்துவிட்டது. வலது கண்ணில் நடுவில் மட்டும் கொஞ்சம் மிச்சம். கையை நீட்டி இரண்டு முஷ்டியைச் சேர்த்துப் பிடித்துப் பார், அந்த அகலம்தான். அதனால்தான் போர்டு படிக்கிறாய், இந்தக் கடிதம் படிக்கிறாய், பக்கத்தில் இருக்கிற தூண் தெரியவில்லை. ஆபரேஷன் செய்தால் சரியாகிவிடும் என்று யாராவது சொன்னால் நம்பாதே. போனது போனதுதான், எந்த நாட்டு டாக்டராலும் திருப்பித் தர முடியாது. மருந்து விட்டாலும் மிச்சம் நிற்குமா என்று கேட்டேன். விடாவிட்டால் நிற்காது என்று மட்டும்தான் சொன்னார். அதற்கு மேல் கேட்க எனக்குத் தைரியம் வரவில்லை.

தினம் படுக்கப் போகுமுன் இரண்டு கண்ணிலும் ஒவ்வொரு சொட்டு. விட்டதும் மூக்கோரத்தில் இரண்டு நிமிஷம் விரலால் அழுத்திக்கொள். எரியும், சிவக்கும், அதற்காக நிறுத்திவிடாதே. வெட்கப்படாமல் அந்த டாக்டரிடமே திரும்பப் போ. என் அக்கா தப்பாக அளந்துவிட்டாள் என்று சொல். என் பெயரையும் ஆஸ்பத்திரிப் பெயரையும் சேர்த்தே சொல். வண்டிச் சாவியை இன்றைக்கே கொடுத்துவிடு. அந்த வண்டிக்குப் பக்கத்தில் யார் வீட்டுப் பிள்ளையாவது நடந்து வரும், உனக்குத் தெரியாது.

என்னை மன்னித்துவிடு என்று எழுதத் தொடங்கி நாலு முறை அடித்துவிட்டேன். நீ மன்னிப்பாய். உன் குணம் அது. அதை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய. நீ என்மேல் கோபப்பட்டாவது அந்தச் சொட்டை விட்டால் போதும்.

ஜுலைகாவிடம் நேற்று நானே எல்லாவற்றையும் சொல்லிவிட்டேன். நீ கட்டின மனைவிக்குத் தெரியாமல் இதை வைத்துக்கொள்ள என்னால் முடியவில்லை. உன் மகளைத் தூக்கிக்கொண்டு உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொண்டாள். சாயங்காலம் வந்து, அவரை வரச் சொல்லுங்க அண்ணி என்றாள்.

வந்துவிடு தம்பி. கம்பெனி அனுப்பும் வரைக்கும் காத்திருக்காதே. இருக்கிற வெளிச்சத்தோடு வந்து சேர். சஹருக்கு நாலு வயது ஆகப்போகிறது, நீ நேரில் பார்த்தது நாற்பது நாள்தான். அல்லாஹ் உனக்கு மிச்சம் வைத்திருப்பதை உன்னிடமே விட்டு வைக்கட்டும். ஏர்போர்ட்டில் கூட்டமாக இருக்கும், குழந்தை உன் பக்கவாட்டில் ஓடி வந்தால் உனக்குத் தெரியாது. அவள் கையை நான் விடமாட்டேன். உனக்கு நேர் எதிரே கொண்டுவந்து நிறுத்துகிறேன்.

உன் அக்கா,
நசீம் பானு