செப்டம்பர் தெருவில் பாதி மீசை

அன்புக்கும் அலட்டலுக்கும் ஒருநாளும் குறைவைக்காத என் தவம் மச்சானுக்கு,

நான் வந்திட்டன்டா. சிட்னியில் எங்கள் செவன் ஹில்ஸ் தொழிற்சாலையின் சாப்பாட்டறையில், மைக்ரோவேவுக்கு மேலே, பதினொரு வருடமாக செப்டம்பர் மாதத்திலேயே நிற்கும் கலண்டரில் ஒரு தெரு இருக்கிறதே, அந்தத் தெருவில் இருந்துதான் இதை எழுதுகிறேன். போர்த்துக்கல் நாடு, போர்ட்டோ நகரம். வந்து இறங்கி ஒரு பகல்தான் ஆகிறது. கால் இரண்டும் வீங்கி, சப்பாத்தைக் கழற்றிப் பக்கத்தில் வைத்துவிட்டுக் கல்லுப் படியில் இருக்கிறேன். போகிறவர்கள் என் முகத்தைப் பார்த்துச் சிரிக்கிறார்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன், பொறு.

உனக்குத் தெரியாத கதையா? ஆனாலும் இன்னொரு தரம் சொல்ல ஆசையாக இருக்கிறது. ஒரே படகில் வந்து, ஒரே மேசையில் நின்று பெட்டி மடித்தவர்கள் நாங்கள். கையில் இருந்ததோ, நாட்டைவிட்டு வெளியே போனால் திரும்பி வரவிடாத விசா. அதனால் அரை மணித்தியாலச் சாப்பாட்டு நேரத்தில், புட்டு சூடாகும்வரை, நாங்கள் போய்வந்த ஒரே வெளிநாடு அந்தப் படம்தான். மஞ்சள் வீடு. மாடியில் காயும் நீலப் படுக்கை விரிப்பு. கீழே இறங்கும் படிகள். படத்தின் வலது ஓரத்தில், தெரு திரும்புகிற மூலையில், சிவப்பும் வெள்ளையும் நீலமுமாக ஒரு விரல் அளவுக்கு என்னவோ எட்டிப் பார்க்கும். மிச்சத்தைப் படமெடுத்தவன் வெட்டிவிட்டான்.

அது சலூன் என்றாய் நீ. முடிவெட்டும் கடைக்கு வெளியே தொங்குமே கோடு போட்ட கம்பம், அதுவாம். நான் ஒத்துக்கொள்ளவில்லை. திருவிழாவுக்குக் கட்டிய கொடித்துணி என்றேன். ஒரு கிழமை முழுவதும் சண்டை பிடித்தோம். கடைசியில் நீ மேசையில் தட்டினாய்.

"சலூன் இல்லையெண்டா நான் ஒரு பக்க மீசையை எடுக்கிறன். சலூனெண்டா நீ எடு."

பேச்சு மீசைக்கு வந்த பிறகு பின்வாங்க முடியுமா? நானும் சரி என்றேன்.

அதோடு விட்டாயா, இரண்டு சட்டமும் போட்டாய். ஃபோனில் தேடக்கூடாது, எங்களில் ஒருவன் காலால் நடந்துபோய்ப் பார்க்கவேண்டும். பார்க்கும்வரை கலண்டர்த் தாளை ஒருவரும் புரட்டக்கூடாது. ஒக்டோபர் முதலாம் தேதி எங்களோடு வேலை செய்த வியட்நாம்காரி லான் அக்கா தாளைப் புரட்ட வர, நீ இரண்டு கையையும் விரித்து மறித்தது ஞாபகம் இருக்கிறதா? உங்களுக்கு விசர் என்று அவள் தன் பாஷையில் திட்டியிருப்பாள். இன்றைக்கு அந்தத் தாளுக்குக் காவல் அவள்தான்.

நிரந்தர விசா வருமாடா என்று நான் கேட்கும்போதெல்லாம், புட்டை வாயில் வைத்துக்கொண்டே "வரும்" என்பாய். அதே குரலில்தான் "அது சலூன்" என்றும் சொல்வாய். நான் இரண்டையும் நம்பவில்லை. மூன்று வருடத்துக்கு முன் ஒரு செவ்வாய்க்கிழமை காலை உன் நெஞ்சு நின்றுபோனது. நீ போய் ஏழாம் மாதம் விசா வந்தது. கடிதத்தைப் பிடித்துக்கொண்டு குசினிக் கதிரையில் இருந்து அழுதேன். ஏழு மாதம் பொறுக்க முடியாதா உனக்கு என்று கோபமும் வந்தது.

இப்போது பாஸ்போர்ட்டும் வந்துவிட்டது. லண்டனில் சித்தி இருக்க, ஒருத்தரையும் தெரியாத ஊருக்கு ஏன் தனியாகப் போகிறாய் என்று எல்லாரும் கேட்டார்கள். மீசை விசயம் என்று சொல்லவா முடியும்? ஊர் பார்க்க என்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டேன்.

இருபத்தாறு மணித்தியாலப் பயணம், பொட்டுக் கண் மூடவில்லை. இங்கே பாஸ்போர்ட்டை இரண்டு கையாலும் பிடித்து நீட்டினேன். அந்த அலுவலர் ஒரு பெரிய கொட்டாவி விட்டுக்கொண்டே முத்திரை குத்தித் தந்தான். இவ்வளவுதானா மச்சான்? இதற்காகவா இத்தனை வருடம் பயந்தோம்?

ஹோட்டலில் மூன்று மணிக்கு முன் அறை தரமாட்டோம் என்றார்கள். பையைத் தோளில் போட்டுக்கொண்டு நடந்தேன். இந்த ஊரில் சமதரையே கிடையாது, ஏறு இல்லாவிட்டால் இறங்கு. பசி தாங்காமல் ஒரு பேக்கரியில் நுழைந்து, ஊர்க் கடையில் கேட்பதுபோல வாய் தவறி "பாண்" என்றுவிட்டேன். கடைப் பெண் உடனே பாணை எடுத்துத் தந்தாள். எங்கள் ஊருக்கு அந்தச் சொல்லைக் கொண்டுவந்தவர்களே இவர்கள்தானே! அதைத் தின்றுகொண்டே, நான் ஃபோனில் பிடித்து வைத்திருந்த கலண்டர்ப் படத்தைக் கண்டவர்களிடமெல்லாம் காட்டி வழி கேட்டேன். வாயால் கேட்கக்கூடாது என்று நீ சட்டம் போடவில்லை, நியாயம் பேச வராதே. மூன்று பேர் மூன்று திசை காட்டினார்கள்.

மத்தியானம் ஆற்றங்கரை வாங்குப் பலகையில் சாய்ந்தவன் அப்படியே தூங்கிப் போனேன். விழித்தபோது நாளைக்குப் பார்க்கலாம் என்றுதான் நினைத்தேன். நாளைக்கு நாளைக்கென்று நாங்கள் தள்ளிப்போட்டது கொஞ்சமா? எழும்பிவிட்டேன்.

நான்காவதாகக் கேட்ட கிழவர் சரியாகக் காட்டினார். மஞ்சள் வீடு அப்படியே நிற்கிறது. மாடியில் இன்றைக்கு வெள்ளை விரிப்பு காய்ந்தது. படியில் இறங்கி, மூலைக்குப் பத்தடி இருக்க, நின்றுவிட்டேன். அங்கே சலூன் இல்லையென்றால் வென்றவன் நான். வென்று என்ன செய்ய? எடுக்க உன் மீசை எங்கே? விசா வந்ததைத்தான் நீ பார்க்கவில்லை, இந்த ஒன்றாவது நீ சொன்னபடி இருக்கவேண்டும் என்று மனம் கிடந்து அடித்தது. பிள்ளையாரே, என்னைத் தோற்கடி, ஹெலன்ஸ்பர்க் கோயிலுக்கு வந்து ஒன்பது தேங்காய் உடைக்கிறேன் என்று வேண்டிக்கொண்டேன். தோற்க நேர்த்தி வைத்தவனைக் கேள்விப்பட்டிருக்கிறாயா?

திரும்பினேன். சலூன்தான் மச்சான்.

கண்ணாடிக் கதவு, உள்ளே இரண்டு கதிரை, வெளியே நிறம் வெளிறிய கம்பம். நடுத்தெருவில் நின்று கைதட்டிச் சிரித்தேன். கண்ணால் தண்ணீர் ஓடுகிறது, சிரிப்பு நிற்கவில்லை. சத்தம் கேட்டுக் கடைக்காரி வெளியே வந்தாள். ஐம்பது வயதிருக்கும், கையில் கத்தரிக்கோல். தெரிந்த இங்கிலீஷில் கதை முழுவதையும் சொல்லிப் படத்தைக் காட்டினேன். நீல விரிப்பைப் பார்த்ததும், அது மேல்வீட்டுக்காரியுடையது, இப்போது கந்தலாகித் தன் கடையில் தரை துடைக்கிறது என்று சொல்லிச் சிரித்தாள். பிறகு நீ எங்கே என்று கேட்டாள். சொன்னேன். கதிரையைத் தட்டி, இருக்கச் சொன்னாள்.

பொம்பிளை ஒருத்தி என் மீசையில் கத்தி வைப்பாள் என்று நான் கனவிலும் நினைக்கவில்லை. நுரை பூசிவிட்டு எந்தப் பக்கம் என்று கேட்டாள். இத்தனை சட்டம் போட்ட நீ, அதை மட்டும் சொல்லவில்லையே! சாப்பாட்டறையில் நீ எப்போதும் என் இடப்பக்கம்தான் இருப்பாய். இடது என்றேன்.

இரண்டு இழுப்பில் முடிந்துவிட்டது. கண்ணாடியில் பார்த்தால், அசல் விசரன். இனி பாஸ்போர்ட்டில் ஒரு முகம், கழுத்துக்கு மேல் இன்னொரு முகம். சிட்னியில் மறித்துக் கேட்டால் உன்னைப் பற்றிச் சொல்லுவேன். நேரம் எடுக்கும், பரவாயில்லை.

சத்தியம் ஒன்று செய்கிறேன், கேள். மற்றப் பாதியில் கை வைக்கமாட்டேன். இப்படியே வேலைக்குப் போய், சாப்பாட்டறையில் எல்லாருக்கும் முன்னால் நின்று, தவம் சொன்ன இரண்டும் சரி என்று சொல்லுவேன். பிறகு லான் அக்காவைக் கூப்பிட்டு, அவள் கையாலேயே அந்தத் தாளைப் புரட்டச் சொல்லுவேன். ஒக்டோபரில் எந்த ஊரோ தெரியாது. அந்தப் படத்தின் ஓரத்திலும் ஏதாவது வெட்டுப்பட்டுத்தான் இருக்கும். அது என்னவென்று இந்த முறையும் நீ முதலில் சொல்லு. மீசை வளர்ந்ததும் நான் போய்ப் பார்க்கிறேன்.

தோற்ற சந்தோசத்தில்,
உன் மச்சான்
குகன்